இன்சோலும் மேல்படியில் கேட்ட கூவலும்

என் மகளின் விளையாட்டுச் சப்பாத்துக்குள் வைத்த இன்சோல்கள் இரண்டும் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். குதிகால் பக்கம் கொஞ்சம் மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கிறது. பெருவிரல் பதிந்த இடம் சின்னப் பள்ளமாக இருக்கிறது. அவற்றின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கால்தான் போய்விட்டது.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். மகள் அதே பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வலைப்பந்து அணியில் அவள்தான் சென்டர். நடுவட்டத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திடல் முழுக்க ஓடுகிறவள். இந்த விளையாட்டில் பந்தைப் பிடித்த பிறகு ஓடக் கூடாது. எம்பிப் பிடித்து, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஓடி வருகிற வேகம் முழுவதையும் முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். இதெல்லாம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த நாளில் எனக்குத் தெரிந்திருந்தது பயம் மட்டும்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு முன்னால் சென்டராக ஆடிய பெண் ஒருத்தி ஒரு போட்டியில் தனியாகவே விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. முழங்காலுக்குள் ‘டக்’ என்று கேட்டதாம். இப்போது அவள் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டாகத்தான் இறங்குவாள். எங்கள் பக்கத்தில் சமதரை கிடையாது. தண்ணீர் எடுக்கவும் கடைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் ஏறி இறங்கத்தான் வேண்டும். மலையை வெட்டிச் செய்த வலைப்பந்துத் திடல் ஒன்றுதான் சமமான இடம். அந்தச் சமமான இடத்தில்தான் பிள்ளைகளுக்குக் கால் போகிறது.

அதனால் மகள் ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்து, “முட்டிக்குக் கீழ ஒரு மாதிரி வலிக்குதும்மா” என்றதும், மறுவாரமே நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தரம் வருவார். போனில் சொன்னபோது சிரித்தார். “உனக்கு மழை பெஞ்சாலும் பயம், பெய்யாட்டியும் பயம். போயிட்டு வா.”

கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் ஒரு சிங்களப் பெண். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழ் பேசுவார். மகளின் பாதத்தை ஈரமாக்கி ஒரு தாளில் வைக்கச் சொன்னார். பாதம் முழுவதும் பதிந்தது. நடுவில் வளைவே இல்லை. பிறகு ஒரு சின்னப் பெட்டியின் மேல் ஏற்றி, கீழே குதிக்கச் சொன்னார். குதித்தாள். இரண்டு முழங்கால்களும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றை ஒன்று தொடப் பார்த்தன. மிஸ் என்னைப் பார்த்தார்.

“பாத்தீங்களா, அம்மா? முழங்கால் உள்ள விழுது. விரலுக்கு நேர வரணும். பொம்பளப் புள்ளைகளுக்கு இது அதிகமா வரும்.”

சப்பாத்துக்குள் வைக்க இன்சோல் எழுதிக் கொடுத்தார். கூடவே பயிற்சிகளையும் செய்து காட்டினார். உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, பூனை மாதிரிச் சத்தமில்லாமல் குதித்து இறங்குவது, ஓடி வந்து சட்டென்று நிற்பது. ஒவ்வொரு விளையாட்டுப் பயிற்சிக்கும் முன்னால் இவற்றைச் செய்ய வேண்டும், அணி முழுவதும் சேர்ந்து செய்தால் நல்லது என்றார். கடைசியில் இன்சோலை ஒரு கையில் எடுத்துக் காட்டி, “இது உதவி. பாதம் வலிக்காது. முழங்காலைப் பாக்கிறது மத்த வேலை. வேலை செய்யாம உதவி மட்டும் வச்சா சரி இல்ல. சரியா, அம்மா?” என்றார்.

சரி என்றேன். அந்த வார்த்தைகளை அப்படியே எங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். ஓய்வறையில் என் சாப்பாட்டுப் பெட்டி திறந்தால் முதலில் எட்டிப் பார்ப்பவர் அவர்தான். பருப்பும் கருவாடும் இருந்தால் அன்றைக்கு எனக்குப் பாதிதான்.

“இன்சோல் போட்டாச்சா அக்கா? நல்லது. இந்தப் பயிற்சியையும் நாளைக்கே தொடங்கிருவோம். மொத்த டீமுக்கும் செய்வோம். நீங்க கவலையே படாதீங்க” என்றார்.

சொன்னபடியே தொடங்கினார். பிள்ளைகள் அதற்கு ‘பெரட்டு’ என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. பிந்தி வருகிற பிள்ளையைப் பார்த்து, “இன்னைக்கு உனக்கு அரைப்பேருதான்டி” என்று மற்றவர்கள் கத்துவார்கள். கொழுந்து நிறை போதவில்லை என்றால் தோட்டத்தில் பாதி நாள் சம்பளம்தான் போடுவார்கள். அவர்களுடைய அம்மாமார் வாங்கி வருகிற அந்த அரைப்பேர், திடலில் கேலியாகிவிட்டது. கேட்டு நானும் சிரித்தேன்.

பாடசாலை மணிக்கு முன்னால் திடலுக்கு இறங்கிப் போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எல்லா நாளும் முடியாது. முடிந்த நாளெல்லாம் போனேன். கட்டடத்திலிருந்து திடலுக்கு நீளமான படிக்கட்டு. பாதியில் ஒரு திருப்பம் உண்டு. அதைத் தாண்டினால்தான் திடல் தெரியும். மேல்படியில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிள்ளை நிற்கும். நான் வருவதைக் கண்டால் வாயில் கையைக் குவித்து, ‘கூ’ என்று ஒரு குரல் கொடுக்கும்.

“யாரப் புள்ள கூப்புடுற?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“தங்கச்சிய, டீச்சர். லயத்துல இருக்கா, சத்தம் போட்டாத்தான் வருவா.”

“நீ ஏன் வெளையாடப் போகல?”

“சப்பாத்து பிஞ்சிருச்சு, டீச்சர். தைக்கக் குடுத்திருக்கோம்.”

திருப்பத்தைத் தாண்டிக் கீழே பார்த்தால் மனது நிறைந்துவிடும். பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். உட்கார்ந்து எழுவார்கள். குதித்து இறங்குவார்கள். தம்பி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய முழங்காலையும் குனிந்து பார்ப்பார். என் மகள் முன்வரிசையில் நிற்பாள். நான் அதைப் போனில் வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகப்படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். சந்தோஷத்தில் அனுப்புகிறார் என்று நினைத்தேன்.

மாலையில் கேட்பேன். “இன்னைக்குப் பயிற்சி செஞ்சீங்களா?”

“செஞ்சோம்மா.”

“இன்சோல் உள்ள இருக்கா?”

“இருக்கும்மா, வேணும்னா கைய விட்டுப் பாருங்க.” அவள் சப்பாத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நாறுகிறது என்று நான் தள்ளுவேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

வலயப் போட்டிக்கு நானும் போனேன். இரண்டாவது ஆட்டத்தில் மகள் உயரமாக வந்த ஒரு பந்தை எம்பிப் பிடித்தாள். அழகான பிடி. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அவள் இறங்கினாள். வலது முழங்கால் உள்ளே சாய்ந்தது. கிளினிக்கில் பெட்டியிலிருந்து குதித்தபோது கண்ட அதே சாய்வு. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பந்து கையை விட்டு உருண்டு போனது. அவள் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். அவளைச் சுற்றி யாருமே இல்லை.

பார்வையாளர் படிகளில் எப்படி இறங்கி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. “சத்தம் கேட்டுச்சும்மா, எனக்குள்ள கேட்டுச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளுடைய சப்பாத்தைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஏன் அப்படிச் செய்தேனோ. இன்சோல் உள்ளேதான் இருந்தது.

கண்டியில் எடுத்த படத்தில், முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் நார் அறுந்திருப்பது தெரிந்தது. ஒப்பரேஷன் செய்ய வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும், அதை ஒழுங்காகச் செய்தால்தான் மறுபடி விளையாடலாமா என்று யோசிக்கவே முடியும் என்றார் டொக்டர். அந்தப் பயிற்சிகளுக்காக மறுபடியும் அதே கிளினிக்குக்குப் போனோம்.

இந்தத் தடவை நான் கோபத்தோடு போனேன். இன்சோலை ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். “போட்டுத்தான் இருந்தா, மிஸ். ஒரு நாளும் விடல” என்று மேசையில் வைத்தேன்.

மிஸ் அதைத் தொடவில்லை. மகளைக் கைத்தடியோடு எழுந்து நிற்கச் சொல்லி, நல்ல காலை மட்டும் ஊன்றி மெதுவாகப் பாதி உட்காரச் சொன்னார். அடிபடாத கால்தானே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரத் தொடங்கியதும் இடுப்பு ஒரு பக்கம் விழுந்தது. முழங்கால் உள்ளே போய் ஆடியது. மிஸ் பிடித்து உட்கார வைத்தார்.

“இது செய்யாத கால், அம்மா.”

“இல்ல, மிஸ். காலையில டீமோட சேர்ந்து செஞ்சா. நான் கண்ணால பாத்தேன். வீடியோவே இருக்கு.” போனை எடுத்து நீட்டினேன்.

மிஸ் வீடியோவைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார்.  மகள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய காது சிவந்து போயிருந்தது. சின்ன வயதில் பால்மாவு டின்னுக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டபோது அப்படித்தான் சிவந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டில் இடம் கொடுத்தார்கள். அவள் காலை நீட்டி வைத்துக்கொண்டாள். நானுஓயா தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

“சொல்லு.”

“நீங்க வந்தா மட்டும்தாம்மா செஞ்சோம்.”

“நான் எப்ப வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். “மேல்படியில ஒரு ஆள் நிக்கும்ல. ‘கூ’ன்னு சொன்னா, விளையாட்டு சேர் விசில் அடிப்பாரு. நாங்க லைன்ல நின்னுருவோம். தொடக்கத்துல ஒழுங்காத்தான் செஞ்சோம். போட்டி கிட்ட வந்ததும் நேரம் இல்லன்னு சேர் விட்டுட்டாரு.”

தலவாக்கலையில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அந்தக் ‘கூ’ என் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. அது எனக்குத் தெரியாத குரலா? நான் லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டு அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குத் தேத்தண்ணி கொண்டு போகும் நாட்களில், ரோட்டு வளைவில் என்னை நிற்கச் சொல்வார்கள். தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் ‘கூ’ என்று குரல் கொடுக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் செடிக்குள் குனிந்துவிடுவார்கள். துரை நின்று பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று திருப்தியோடு போவார். அவர் போன பிறகு மலையே சிரிக்கும். எவ்வளவு பெரிய துரை, இவ்வளவு ஏமாளியாக இருக்கிறாரே என்று அந்த வயதில் நான் நினைப்பேன்.

“உனக்குமா அது விளையாட்டு?” என்று கேட்டேன்.

“அதான் இன்சோல் போட்டிருக்கேனே, ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேம்மா. உண்மையச் சொன்னா நீங்க பயப்படுவீங்க. என்னைய டீம்ல இருந்து நிப்பாட்டிருவீங்க.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

அவளுடைய காது மறுபடியும் சிவந்தது.

அந்த மாதம் கணவர் லீவில் வந்துகொண்டிருந்தபோது கினிகத்தேனையில் பஸ் நின்றதும் எனக்குப் போன் எடுத்தார். என்ன வாங்கி வர என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், வீடியோவுக்கு ஏன் சிரித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். 

“அவ போன்ல சொல்லிச் சிரிச்சா. நீ படியெறங்குனா தொரை வாரார்னு சொல்லுவாங்களாம். சின்னப் புள்ளைங்க குறும்புதானேன்னு விட்டுட்டேன். ஒங்கிட்டச் சொல்லி ஒன்னய ஏன் வேதனப்படுத்தணும்?”

வீட்டுக்கு வந்தவர் மகளின் காலைத் தடவிக் கொடுத்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். அவர் நல்லவர்தான்.

தம்பியை ஓய்வறையில் பிடித்தேன். மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

“நான் ஒங்ககிட்டக் கேட்டது ஒன்னே ஒன்னு.”

“தெரியும்க்கா.” அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார். “காலையில கெடைக்கிறதே கொஞ்ச நேரம். அதையும் உக்காந்து எந்திரிச்சே முடிச்சா பந்து எப்ப போடுறது? தோத்துட்டு வந்தா என்னையத்தானே ஏசுவாங்க? அவதான் இன்சோல் போட்டிருக்காளே, அது போதும்னு நெனச்சிட்டேன்.”

“அப்ப முடியாதுன்னு என்கிட்டச் சொல்லியிருக்கணும்.”

“சொன்னா நீங்க விடுவீங்களா அக்கா? நீங்க பயப்படுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒங்க மனசு நிம்மதியா இருக்கட்டும்னுதான்...”

எனக்கு ஒரு கத்து கத்த வேண்டும் போல இருந்தது. என் நிம்மதிக்காக ஒரு அணி முழுவதும் வரிசையில் நின்று நடித்திருக்கிறது. நான் பயந்தவள் என்பதால், பயப்பட வேண்டிய விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அந்தப் பயிற்சியைச் செய்திருந்தால் நார் அறுந்தே இருக்காது என்று மிஸ்கூடச் சொல்லவில்லை. செய்தால் அப்படி ஆகும் ஆபத்து குறையும் என்று மட்டும் சொன்னார். அந்தக் குறைவை என் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் நான் படியிறங்கிப் போனேன்.

நான் எழுந்து போகப் பார்த்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டீம்ல கோல் போடுற புள்ளைக்கும் இப்ப முட்டி வலிக்குதாம். ரெண்டு பேருக்கும் ஒரே அளவுக் காலு. அந்த இன்சோல் இப்ப சும்மாதானே இருக்கு...”

“அந்தப் புள்ளைக்கு இன்சோல் வேணாம் தம்பி. பெரட்டு வேணும்” என்றேன்.  அன்றைக்கு என் சாப்பாட்டுப் பெட்டியை வகுப்பறையிலேயே திறந்தேன்.

அதற்குப் பிறகு நான் திடலுக்கு இறங்கவில்லை. என் வகுப்பறையின் கடைசி ஜன்னலில் நின்றால் திடலின் ஒரு மூலை தெரியும். சில காலைகளில் அந்த மூலையில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுவது தெரிகிறது. மேல்படியில் யாரும் நிற்பதில்லை. ஆனால் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்தானே.

ஒப்பரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இத்தனை படிகளில் ஏறி இறங்க முடியாததால் மகள் பாடசாலைக்கு வருவதில்லை. வீட்டில் இருந்து பாடம் படிக்கிறாள், பயிற்சி செய்கிறாள். தொடையை இறுக்கி எண்ண வேண்டும், காலை நேராகத் தூக்கிப் பிடித்து எண்ண வேண்டும். மிஸ் அவளுடைய தொடையை நாடாவால் அளந்து வைத்திருக்கிறார். அடுத்த தடவை மறுபடி அளப்பார். “ஒப்பரேஷன் டொக்டர் செய்வார். கால் நீதான் செய்யணும்” என்று அவளிடம் சொல்லி அனுப்பினார். மகள் தலையாட்டினாள். அவள் தலையாட்டுவதை நான் இப்போது அவளுடைய காதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

“நான் செய்றேம்மா. இப்ப உண்மையாவே செய்றேன். நீங்க நம்பணும்” என்று ஒரு நாள் அழுதாள்.

“நம்புறேன்” என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன்.

நேற்றுக் காலை நான் பாடசாலைக்குக் கிளம்பும்போது அவள் பாயில் உட்கார்ந்து காலைத் தூக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். “ஒன்னு, ரெண்டு, மூனு...” நல்ல சத்தமாக. கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். கோயில் திருப்பம்வரை வந்த பிறகுதான் மழை தூறியது. குடையை மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பினேன். ஈர மண்ணில் என் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது எண்ணும் சத்தம் இல்லை.

இளைப்பாறுகிறாளோ. மிஸ்ஸே இடையிடையே இளைப்பாறச் சொல்லியிருக்கிறார். மனதுக்குள் எண்ணுகிறாளோ. போனை எடுத்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாளோ. கதவின் கொண்டியில் கையை வைத்தேன். கொண்டி சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அவள் காலைத் தூக்கிவிடுவாள், எனக்குத் தெரியும்.

மழை கனத்தது. தகரத்தில் விழும் சத்தத்தில் உள்ளே எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் இனிக் கேட்காது. கொண்டியிலிருந்து கையை எடுத்தேன். குடையில்லாமல் படியேறிப் போனேன். பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது புடவை முழுக்க நனைந்திருந்தது. “என்னக்கா, குடை இல்லையா?” என்று தம்பி வாசலில் நின்று கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.